குறிவைக்கும் துகள்களும் மூணு மணி நேர டிரிப்ஸும்

உடலுக்குள் தானாகச் சிதைந்து போகிற பாலிமரில் நானோத் துகள் செய்து, அதற்குள் புற்றுநோய் மருந்தைப் பொதிந்து அனுப்புவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைச் சில வருஷமாக வாசித்து வருகிறேன். நான் டாக்டர் இல்லை, வேதியியல் படித்தவனும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரு சிஸ்டத்தில் எந்தப் பகுதி சோதிக்கப்பட்டிருக்கிறது, எது சோதிக்கப்படவில்லை என்று பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அந்தக் கண்ணோடு வாசித்ததில் இந்தத் துறை மேல் ஒரு விமர்சனம் உண்டு. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். இந்தத் துகள்கள் மனிதர்களிடம் எதைச் சாதித்துக் காட்டினவோ, அதைப் பற்றிக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. எது இன்னும் சரியாக நிரூபணம் ஆகவில்லையோ அதைத்தான் தலைப்பில் போடுகின்றன.

இதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், திருச்சி, தஞ்சாவூர், சென்னை என்று பஸ் ஏறுவதுதான் பலருக்கும் வழக்கம். கீமோ மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சில பேருக்கு வாராவாரம். ஒவ்வொரு தடவையும் நோயாளிக்கு ஒரு நாள் போகும், துணைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "நல்ல செல்லைத் தொடாது, புற்று செல்லை மட்டும் தேடிப்போய் அழிக்கும் நானோ மருந்து கண்டுபிடிப்பு." உடனே, "அந்த மருந்து எங்க கிடைக்கும் தம்பி, இடத்த வித்தாவது வாங்கிடலாமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கிற கட்டுரை உண்மையில் எதைக் காட்டியது என்று தெரிய வேண்டும்.

ஒரு தலைப்பில் மூன்று வாக்குறுதிகள்

இந்தக் கட்டுரைகளின் தலைப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். "புற்றைக் குறிவைத்து மருந்து செலுத்தும், உயிரிச்சிதைவுறும் பாலிமர் நானோத் துகள்கள்." இதில் மூன்று வாக்குறுதிகள் இருக்கின்றன. ஒன்று, பாலிமர் உடம்பில் சிதைந்து போகும். இரண்டு, அது மருந்தைச் சுமந்து மெதுவாக விடும். மூன்று, அது புற்றைத் தேடிப் போகும்.

முதல் வாக்குறுதி கெட்டியானது. இந்தத் துறையின் பிரதானப் பொருள் பி.எல்.ஜி.ஏ. என்கிற பாலிமர். லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கலந்து கோத்த சங்கிலி. தண்ணீர் பட்டால் அந்தக் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்து, திரும்ப அதே இரண்டு அமிலங்களாகிவிடும். லாக்டிக் அமிலம் நம் வீட்டுத் தயிரின் புளிப்பில் இருப்பதுதான். உடம்பு அதைக் கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு பிரிக்க வேண்டாத, தானே கரைகிற தையல் நூல் போடுகிறார்களே, அதில் ஒரு வகை இதே குடும்பம்தான். பல பத்தாண்டு அனுபவம் உள்ள பொருள்.

இரண்டாவது வாக்குறுதியும் பெருமளவு சரி. மூன்றாவதுதான் சிக்கல். முதல் இரண்டுக்கும் கிடைத்த நல்ல பெயரை மூன்றாவதுக்கும் சேர்த்துக் கணக்கெழுதிவிடுகிறார்கள். சிதையும் என்பதற்கும் தேடிப்போகும் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

தட்டில் பாஸ்

கட்டுரைக்குள் என்ன சோதனை செய்கிறார்கள் என்று பார்ப்போம். துகளின் அளவை அளக்கிறார்கள். 100, 200 நானோமீட்டர் என்று வரும். போட்ட மருந்தில் எத்தனை சதவீதம் உள்ளே பொதிந்தது என்று கணக்கிடுகிறார்கள். துகளை ஒரு சவ்வுப் பையில் கட்டி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்து எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகிறது என்று ஒரு வரைபடம் போடுகிறார்கள். கடைசியாக, எம்.சி.எஃப்-7 மாதிரி ஒரு மார்பகப் புற்று செல் வரிசையைத் தட்டில் வளர்த்து, அதன் மேல் துகளை ஊற்றி, எத்தனை செல் செத்தது என்று எண்ணுகிறார்கள். முடிவுரையில் "எனவே இது புற்றைக் குறிவைக்கும் சிகிச்சைக்கு உகந்தது" என்று ஒரு வரி வரும்.

இதில் "குறி" எங்கே சோதிக்கப்பட்டது? தட்டில் இருப்பது புற்று செல் மட்டும்தான். வேறு எங்கேயும் போக வழியே இல்லாத இடத்தில் துகள் புற்று செல்லுக்குள் போனது என்றால், அதில் தேர்வு என்ன இருக்கிறது? தட்டில் கல்லீரல் கிடையாது, மண்ணீரல் கிடையாது, ஓடுகிற ரத்தம் கிடையாது. எங்கள் தொழிலில் இதை யூனிட் டெஸ்ட் என்போம். ஒரு ஃபங்ஷன் தனியாக ஓடுகிறதா என்று பார்ப்பது. அது அவசியம்தான். ஆனால் யூனிட் டெஸ்ட் பாஸ் ஆனதைக் காட்டி "புரொடக்‌ஷனில் ஒரு கோடிப் பேர் பயன்படுத்தலாம்" என்று எந்த மேனேஜரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

இன்னொன்று. நம்ம பக்கத்து ஆய்வுகளில் மஞ்சளின் குர்குமினை இப்படித் துகளில் பொதிவது ரொம்பப் பிரபலம். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் குர்குமின், பி.எல்.ஜி.ஏ.வில் குர்குமின். ஆனால் குர்குமின் தானே நிறமுள்ளது, தானே ஒளிர்வது, எதனோடும் ஒட்டக்கூடியது. நிறத்தையும் ஒளிர்வையும் வைத்து அளக்கிற சோதனைகளை அது குழப்பிவிடும் என்று 2017-இல் மருந்து வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் நீண்ட எச்சரிக்கையே வந்தது. அதற்குப் பிறகும் வெறும் துகளை, வெறும் மருந்தை, வெறும் நிறத்தைத் தனித்தனியாக வைத்து ஒப்பிடாமல் எழுதப்படும் கட்டுரையை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆயிரத்துக்கு ஏழு

தட்டைத் தாண்டி எலிக்கு வருவோம். துகள் புற்றைத் தேடிப்போகும் என்ற நம்பிக்கையின் ஊற்று 1986-இல் ஜப்பானில் மட்சுமுரா, மயேடா இருவரும் வெளியிட்ட ஆய்வு. புற்றுக்கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர் மாதிரி ஓட்டை உடைசலாக இருக்கும். பெரிய மூலக்கூறுகள் அந்த ஓட்டை வழியே கட்டிக்குள் கசிந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும் என்பது கருத்து. அழகான கருத்து. ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்ட ஸ்மாங்க்ஸ் என்ற பாலிமர் மருந்து பின்னாளில் ஜப்பானில் கல்லீரல் புற்றுக்கு வந்தபோது, அதைக் கை நரம்பில் ஏற்றிவிட்டு "நீயே தேடிப் போ" என்று விடவில்லை. எண்ணெயில் கலந்து, கல்லீரலுக்குப் போகும் தமனியிலேயே குழாய் வைத்துச் செலுத்தினார்கள். குறியை வைத்தது டாக்டரின் கை.

எலியின் கட்டிக்கும் மனிதக் கட்டிக்கும் வித்தியாசம் நிறைய. 20 கிராம் எலியில் சில வாரத்தில் 1 கிராம் கட்டி வளர்ந்துவிடும். உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதருக்கு அதே விகிதம் என்றால் 3 கிலோ கட்டி! இவ்வளவு வேகமாகப் பெருத்த கட்டியின் குழாய்களில் ஓட்டை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நம் ஆட்களுக்கு வருஷக்கணக்கில் மெதுவாக வளர்ந்த கட்டியிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த எலியிலேயே எவ்வளவு போய்ச் சேருகிறது? டொராண்டோவில் வாரன் சான் குழு பத்து வருஷத்துக் கட்டுரைகளில் 117-ஐ எடுத்துக் கணக்குப் போட்டு 2016-இல் வெளியிட்டது. ஊசியில் ஏற்றியதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். அதாவது ஆயிரம் துகளுக்கு ஏழு. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் மாட்டிக்கொள்ளும். ரத்தத்தில் அந்நியத் துகளைப் பிடிப்பதுதான் அந்த உறுப்புகளின் வேலையே. 2020-இல் அதே குழு இன்னொன்றும் சொன்னது: துகள்கள் கட்டிக்குள் போவது பெரும்பாலும் ஓட்டை வழியே இல்லை, குழாய்ச் சுவரின் செல்கள் வழியே கடத்தப்பட்டுத்தான். அப்படியென்றால் முப்பது வருஷம் நம்பிய ஓட்டைக் கதையே திருத்தப்பட வேண்டியது.

ஒரு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும். 0.7 என்ற எண்ணைச் சிலர் மொத்தத் துறையையும் அடிக்கிற கம்பாக எடுத்துக்கொண்டார்கள். அதுவும் சரியில்லை. துகள் இல்லாமல் சாதாரணமாக ஏற்றும் மருந்தும் கட்டிக்குப் போய்ச் சேரும் அளவு குறைவுதான். 2020-இல் வேறொரு குழு இதே தரவுகளை மருந்தியலின் பழைய முறைப்படி, கட்டியிலும் ரத்தத்திலும் மருந்து எவ்வளவு நேரம் எவ்வளவு இருந்தது என்று பார்த்து, 0.7 சதவீதம் பொருத்தமான அளவுகோல் அல்ல என்று வாதிட்டது. நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான்: எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. துகளை எதிர்க்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

விளக்கெண்ணெயிலிருந்து விடுதலை

இப்போது மனிதர்களிடம் வருவோம். இந்தியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு.

பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்து மார்பகம், சினைப்பை, நுரையீரல் புற்றுகளுக்குப் பரவலாகக் கொடுப்பது. பசிபிக் கரையோர யூ மரத்தின் பட்டையில் கிடைத்தது. அதன் கஷ்டம், தண்ணீரில் கரையவே கரையாது. அதனால் கிரெமோஃபோர் என்ற கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்துத்தான் ஊசி மருந்தாகச் செய்தார்கள். கிரெமோஃபோர் வேறொன்றுமில்லை, நம் ஆமணக்கு எண்ணெயை, அதாவது விளக்கெண்ணெயை, வேதிமாற்றம் செய்து எடுப்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லியில் 6 மில்லிகிராம் மருந்து, 527 மில்லிகிராம் கிரெமோஃபோர். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒரு அம்மாவுக்கு, சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவில், 280 மில்லிகிராம் மருந்து தேவை. அது கிட்டத்தட்ட 47 மில்லி. அதோடு உள்ளே போகும் கிரெமோஃபோர் சுமார் 25 கிராம். மருந்தைப் போல ஏறக்குறைய 90 மடங்கு கரைப்பான். மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவது போன்ற கடுமையான ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் இதுதான். அதனால்தான் முதலில் ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு ஊசிகளும் போட்டு, பிறகு மூணு மணி நேரம் மெதுவாக டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். சாதாரண பி.வி.சி. குழாயில் ஏற்றினால் குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்தும் ரசாயனத்தைக் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் தனிக் குழாய் வேறு.

டெல்லி பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அமர்நாத் மைத்ரா இந்தக் கரைப்பானைத் தூக்கியெறிய வழி தேடினார். பாலிமரில் நானோ அளவு மைசெல் செய்து, பாக்ளிடாக்செலை அதன் வயிற்றில் வைத்தார். அந்தத் தொழில்நுட்பம் டாபருக்குப் போய், 2007-இல் 'நானோக்செல்' என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்தது. டாபர் பார்மாவை அடுத்த வருஷமே ஃப்ரெசீனியஸ் காபி வாங்கிவிட்டது. அதே 2007-இல் தென்கொரியாவில் 'ஜெனெக்சால்-பி.எம்.' வந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. ஜெனெக்சாலின் பாலிமரில் சிதைகிற பகுதி உண்டு. நானோக்செலின் பாலிமர் அந்த வகையே கிடையாது. அதன் முதுகெலும்பு கார்பன்-கார்பன் பிணைப்பு, தண்ணீரால் அறுக்க முடியாதது. இரண்டும் சந்தைக்கு வந்தன. இரண்டின் உண்மையான பலமும் ஒன்றுதான்: கிரெமோஃபோர் போய்விட்டது. ஆனால் விளம்பரத்திலும் கட்டுரைகளிலும் முன்னால் வந்து நின்ற சொல் எது தெரியுமா? "குறிவைத்தல்."

இது மருந்தின் மேல் உள்ள குறை இல்லை. மைத்ரா செய்தது பெரிய வேலை. என் வருத்தம், அந்த வேலையை அதன் சொந்தப் பெயரால் அழைக்காமல் போனது. "25 கிராம் கரைப்பானிலிருந்து நோயாளியை விடுவித்தோம்" என்பதைவிடப் பெருமையான வாக்கியம் என்ன வேண்டும்?

33-க்கு 19, அப்புறம் என்ன ஆச்சு?

'அப்ராக்ஸேன்' என்று ஒன்று 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே பாக்ளிடாக்செல், ரத்தப் புரதமான ஆல்புமினில் கட்டியது. ஆல்புமினும் இயற்கையான, சிதைகிற பாலிமர்தான். முற்றிய மார்பகப் புற்றில் நடந்த பெரிய சோதனையில் கட்டி சுருங்கியவர்கள் 33 சதவீதம். பழைய மருந்தில் 19 சதவீதம். பார்த்தீர்களா, குறி பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் டோஸைப் பாருங்கள். புதியது சதுர மீட்டருக்கு 260 மில்லிகிராம், பழையது 175. கரைப்பான் இல்லாததால் அதிக மருந்து கொடுக்க முடிந்தது. பலன் குறியால் வந்ததா, டோஸால் வந்ததா என்பதை அந்தச் சோதனை மட்டும் பிரித்துக் காட்டாது.

பிறகு பழைய மருந்தை வாராவாரம் கொடுக்கும் நல்ல முறையோடு ஒப்பிட்டு ஒரு அமெரிக்கச் சோதனை நடந்து 2015-இல் வெளியானது. அதில் புதியது மேலாக இல்லை. நரம்பு மரத்துப்போவது போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. ஆனால் அப்ராக்ஸேனில் மறுக்க முடியாத ஒன்று இருக்கிறது: அரை மணி நேர டிரிப்ஸ், வழக்கமான முன்மருந்துகள் பெரும்பாலும் தேவையில்லை.

உண்மையிலேயே குறிவைத்துப் பார்த்தவர்களும் உண்டு. பாஸ்டன் பக்கத்தில் பைண்ட் தெரபியூட்டிக்ஸ் என்ற நிறுவனம், பாலிமர் துறையின் பெரிய பெயரான ராபர்ட் லாங்கரின் பின்புலத்தோடு வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட துகள் கலவைகளைச் செய்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சிதைகிற பாலிமரில் டோசிடாக்செலை வைத்து, மேலே புரோஸ்டேட் புற்றின் ஒரு புரதத்தைப் பிடிக்கும் கொக்கியையும் மாட்டினார்கள். 2012-இல் வந்த கட்டுரையை இன்றைக்கும் வாசிக்கலாம். அவ்வளவு ஒழுங்கான வேலை. 2016-இல் மனிதச் சோதனை முடிவுகள் ஏமாற்றம் தர, நிறுவனம் திவாலாகி, சொத்துகளை ஃபைசர் சுமார் 4 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தத் தோல்வியை அறிமுகப் பத்தியில் சொல்லிவிட்டு, "ஆகவே நாங்கள் வேறு எதைச் செய்தோம்" என்று எழுதுகிற கட்டுரைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

சத்தமில்லாமல் ஜெயித்தது

சிதைகிற பாலிமர் புற்றுநோயில் பெற்ற பெரிய வெற்றி நானோவே இல்லை. புரோஸ்டேட் புற்றுக்கு லியூப்ரோலைடு என்ற ஹார்மோன் மருந்து 1985-இல் வந்தபோது தினமும் ஒரு ஊசி. 1989-இல் அதை இந்தப் பாலிமர்க் குடும்பத்தின் நுண்கோளங்களில் பொதிந்து மாதம் ஒரு ஊசி ஆக்கினார்கள். இந்தக் கோளங்கள் நானோவைவிட ரொம்பப் பெரியவை. அவை எதையும் தேடிப் போவதில்லை. தசையில் போட்ட இடத்திலேயே உட்கார்ந்து, சிதையச் சிதைய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். முப்பது ஊசி ஒன்றானது. பிறகு மூன்று மாதம், நான்கு மாதம், ஆறு மாதத்துக்கு ஒன்று என்றும் வந்துவிட்டது.

செந்துறைப் பக்கத்திலிருந்தோ வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்தோ ஆஸ்பத்திரிக்குப் போகிற எழுபது வயசுப் பெரியவருக்கு இதன் அர்த்தம் என்ன? வருஷத்துக்கு இரண்டு பஸ் பயணம். பாலிமர் அவருக்குக் கொடுத்தது நாட்களை. இதைச் செய்தி சேனலில் "ஏவுகணை" என்று சொல்ல முடியாது என்பதால் யாரும் சொல்வதில்லை.

கேட்க வேண்டியவை

நம் மாவட்டக் கல்லூரிகளில் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்கள் இந்தத் தலைப்பில் உழைக்கிறார்கள். அவர்களுக்கு என் கோரிக்கை சின்னதுதான். தட்டில் மட்டும் சோதித்திருந்தால் தலைப்பில் "குறிவைக்கும்" என்று போடாதீர்கள். "பொதியும்", "மெதுவாக விடும்" என்று போடுங்கள். மருந்து இல்லாத வெறும் துகளையும், துகள் இல்லாத வெறும் மருந்தையும் பக்கத்தில் வையுங்கள். கல்லீரலுக்கு எவ்வளவு போகிறது என்று யாராவது அளக்கும் வரை அதைத் திறந்த கேள்வியாக விடுங்கள். பைண்டின் 2016-ஐயும் படியுங்கள். எந்தக் கரைப்பானை நீக்கினீர்கள், எத்தனை ஊசியைக் குறைத்தீர்கள் என்று எழுத முடிந்தால், அதையே முதல் வரியாக வையுங்கள்.

வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு இடத்தை விற்கலாமா என்று கேட்கிற குடும்பத்துக்கு: அந்தச் செய்தி மனிதர்களைப் பற்றியதா, எலியைப் பற்றியதா, தட்டைப் பற்றியதா என்று முதலில் பாருங்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை அதற்காக நிறுத்தாதீர்கள். நானோ வகை மருந்தை டாக்டரே சொன்னால், அவரிடம் நேராகக் கேளுங்கள்: "இது சாதாரண மருந்தைவிட ஆயுளைக் கூட்டும்னு சோதனையில தெரிஞ்சிருக்கா, இல்ல ஒவ்வாமையும் டிரிப்ஸ் நேரமும் குறையுமா? அதுக்கு எவ்வளவு கூடுதல் செலவு, காப்பீட்டுத் திட்டத்துல வருமா?" ஏற்கனவே ஒவ்வாமை வந்தவருக்கு, சர்க்கரை நோயால் ஸ்டீராய்டு சேராதவருக்கு, கரைப்பான் இல்லாத மருந்து காசுக்கு ஏற்ற பலன் தரலாம். மற்றவர்களுக்குப் பழைய பாக்ளிடாக்செலே போதுமானதாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டரும் நோயாளியும் சேர்ந்து.

அடுத்த குறிப்பில் கைட்டோசான் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தனையில் வெறும் துகளின் ஒப்பீடு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மருந்தியல் படிக்கிற நண்பர்கள் யாராவது சேர்ந்து எண்ணினால் வேலை சீக்கிரம் முடியும்.